ஆக்டேவியா ஆர்எஸ் வாங்கிக் குடும்பத்தோடு நெடுநாள் ஓட்ட நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் "வேகமும் வேண்டும், வீட்டுச் சாமானும் ஏற வேண்டும்" என்று தேடுபவர்கள் பலர் கடைசியில் வந்து நிற்பது பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் முன்னால்தான். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே இருக்கின்றன. பேச்சு முழுக்க மூன்றாம் தலைமுறை வண்டிகளைப் பற்றியது: 2017-ல் வந்த ஆர்எஸ் 230, 2020-ல் வந்த ஆர்எஸ் 245. 2025-ல் இறக்குமதியாகி வந்த 265 பிஎஸ் (குதிரைத்திறன்) வண்டி இன்னும் புதிது என்பதால் அதை இங்கே சேர்க்கவில்லை.

ஆர்எஸ் 230, ஆர்எஸ் 245 ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? எதை எடுக்கலாம்?

இரண்டுமே 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், முன்சக்கர இயக்கம். 230-ல் 230 பிஎஸ் சக்தியும் 350 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் உண்டு. ஆறு கியர் டிஎஸ்ஜி (இரண்டு கிளட்ச் உள்ள தானியங்கி கியர்பாக்ஸ்), 225/45 ஆர்17 டயர். வந்தபோது ஷோரூம் விலை 25 லட்சத்தை ஒட்டி இருந்தது. 245-ல் 245 பிஎஸ், 370 நியூட்டன் மீட்டர், ஏழு கியர் டிஎஸ்ஜி, 225/40 ஆர்18 டயர், முன்பக்கம் மின்னணு டிஃபரன்ஷியல் லாக் (வளைவில் ஒரு முன்சக்கரம் வீணாகச் சுழலாமல் தடுப்பது). அது 200 வண்டிகள் மட்டும், 36 லட்சம் ரூபாய்க்கு விற்கப்பட்டது.

வளைவில் ஆக்சிலரேட்டரை மிதித்து வெளியே வரும்போது 245 தெளிவாக மேல். ஆனால் பெங்களூர்ச் சாலையில் தினமும் ஓட, பிள்ளைகளும் பெரியவர்களும் உட்கார்ந்து போக 230 தான் சரி. காரணம் டயரின் பக்கச்சுவர். 17 அங்குல டயரில் அதன் உயரம் 101 மி.மீ., 18 அங்குலத்தில் 90 மி.மீ. பள்ளத்தில் விழும்போது ரிம்மைக் காப்பாற்றுவது அந்த 11 மி.மீ. ரப்பர்தான்.

இது எஸ்டேட்டே கிடையாதே, செடான்தானே?

எஸ்டேட் (கூரை பின்முனை வரை நீண்ட குடும்ப வண்டி) இல்லைதான், செடானும் இல்லை. பின்கண்ணாடியோடு சேர்ந்து கதவு முழுசாக மேலே திறக்கும் லிஃப்ட்பேக். ஐரோப்பாவில் இதே வண்டிக்கு காம்பி என்ற உண்மையான எஸ்டேட் வடிவம் உண்டு. ஆர்எஸ் காம்பியும் அங்கே விற்றது. நமக்கு அது வரவில்லை. ஆனால் கணக்குப் பார்த்தால் ஏமாற்றம் குறைவு: சீட் நிமிர்ந்திருக்கும்போது காம்பியின் டிக்கி 610 லிட்டர், நம் லிஃப்ட்பேக் 590 லிட்டர். பின்சீட்டை மடக்கினால்தான் வித்தியாசம் பெரிதாகிறது: 1740-க்கு எதிரே 1580.

இந்தியாவில் எஸ்டேட்டுக்கு ஆதரவு கிடைத்ததே இல்லை. 1992-ல் டாடா எஸ்டேட் வந்தது, பிறகு மாருதி பலேனோ ஆல்டுரா, டாடா இண்டிகோ மரீனா, முதல் ஆக்டேவியாவின் காம்பி. பெங்களூரின் சிபானி நிறுவனம் ரோவர் மாண்டேகோவை எஸ்டேட்டாகவும் விற்றது. எதுவும் நிலைக்கவில்லை. அந்த வழியில் இன்று கையில் எட்டும் வேகமான வண்டி இந்த லிஃப்ட்பேக்தான்.

அப்பா, அம்மா, நாங்க ரெண்டு பேரு, ஒரு பையன். பொங்கலுக்கு ஊருக்குப் போற சாமான் எல்லாம் ஏறுமா?

ஏறும். இரண்டு பெரிய பெட்டி, இரண்டு கைப்பை, மடக்கிய குழந்தை வண்டி, திரும்பி வரும்போது ஒரு சிப்பம் அரிசி இவ்வளவும் சாமான் மறைப்புப் பலகைக்குக் கீழேயே அடங்கும். அரிசியைப் பின்சீட்டு முதுகை ஒட்டி, தரையோடு வையுங்கள். டிக்கியின் கடைசி விளிம்பில் கனம் உட்கார்ந்தால் வண்டியின் பின்பக்கம் தாழும், ஸ்பீடு பிரேக்கரில் அடியும் படும். பெட்டிகளைக் கண்ணாடி உயரத்துக்கு மேல் அடுக்க வேண்டாம். திடீர் பிரேக்கில் அவை முன்னால் பறக்கும்.

பின்சீட்டு 60:40 ஆக மடங்கும், ஆனால் தரை சமமாக வராது, நடுவில் ஒரு படி நிற்கும். சைக்கிள், மேசைப் பலகை போன்றவற்றை ஏற்றும்போது அந்தப் படியில் பழைய போர்வையை மடித்துப் போட்டால் போதும். ஐவரும் சாமானும் என்றால் டயர் காற்றைக் கட்டாயம் மாற்ற வேண்டும். பெட்ரோல் மூடிக்கு உள்ளே ஒட்டியிருக்கும் அட்டையில் முழுப் பாரத்துக்கான அளவு தனியாக இருக்கும். பின்டயருக்குக் கூடுதல் கணிசமாக இருக்கும்; பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி. ஏறி இறங்க முடியுமா?

எஸ்யூவி போல நின்றபடி உட்கார முடியாது. உட்காருவதற்குக் குனிய வேண்டும். முன் இடது சீட்டை உயர்த்தி வைத்து அவர்களை அங்கே உட்கார வைப்பதுதான் சுலபம். பின்னால் கால் நீட்ட இடம் தாராளம். நடுவில் தரை மேடு உயரமாக இருப்பதால் மூன்றாவது ஆள் நீண்ட தூரம் சௌகரியமாக வர முடியாது. குழந்தை சீட்டுக்கான ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பின்சீட்டின் இரண்டு ஓரங்களிலும் உண்டு. பின்னோக்கி வைக்கும் சீட்டைப் போட்டால் அதற்கு முன்னால் உயரமானவர் உட்காருவது சிரமம்.

ஸ்பீடு பிரேக்கர்ல அடி இடிக்குமாண்ணா? எல்லாரும் பயமுறுத்துறாங்க.

இடிக்கும், கவனமில்லாமல் போனால். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவில் ஸ்பீடு பிரேக்கர் 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டிருக்க வேண்டும். வண்டியின் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவிலுள்ள தூரம்) சுமார் 2.68 மீட்டர். ஆகவே அந்த அளவில் கட்டிய மேட்டில் வண்டி முழுசாக ஏறி இறங்கிவிடும், இடிக்காது. தொல்லை தருவது குடியிருப்புத் தெருக்களில் அவரவர் இஷ்டத்துக்குப் போட்ட குறுகிய, கூரிய மேடுகள். முன்சக்கரம் இறங்கிப் பின்சக்கரம் ஏறும் முன் நடுவயிறு அதன் முதுகில் உட்கார்ந்துவிடும்.

அப்படிப்பட்ட மேட்டில் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றுங்கள். பிரேக்கை மேட்டுக்கு முன்பே விட்டுவிட வேண்டும். பிரேக் பிடித்தபடி ஏறினால் மூக்கு தாழ்ந்திருக்கும், முன் பம்பரின் உதடு முதலில் உரசும். ஐந்து பேர் இருக்கும்போது தெரிந்த மோசமான தெரு என்றால் இரண்டு பேரை இறக்கிவிட்டுத் தாண்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதில் உண்மையான ஆபத்து எங்கே என்றால், இந்த எஞ்சினின் ஆயில் சம்ப்பின் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியின்) அடிப்பகுதி பிளாஸ்டிக். அடியில் இருக்கும் மறைப்புத் தட்டு உடைந்தோ, போல்ட் போய்த் தொங்கியோ இருந்தால் அடுத்த அடி நேராகச் சம்ப்பில் விழும். ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் அந்தத் தட்டு முழுசாக, எல்லா ஸ்க்ரூவோடும் திரும்பி ஏறியதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். உலோகத் தட்டு போடுபவர்கள் உண்டு. போட்டால் அதில் காற்றோட்டத் துளைகளும், ஆயில் கழற்ற வழியும் இருக்க வேண்டும். இல்லையென்றால் வெப்பம் உள்ளேயே தங்கும். பெரிய அடி விழுந்தால் உடனே ஓரங்கட்டி, தரையில் ஆயில் சொட்டுகிறதா என்று பாருங்கள். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் எஞ்சினை அணைத்துவிட வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் எஞ்சினே போய்விடும்.

மைலேஜ் உண்மையில என்ன வரும்?

வெளிவட்டச் சாலை நெரிசலில் லிட்டருக்கு 7 முதல் 9 கிலோமீட்டர். ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டிச் சேலம் வரை 90–100-ல் நிதானமாகப் போனால் 13, 14 வரும். டேங்க் 50 லிட்டர். வருடம் 12,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 9 என்று வைத்தால் சுமார் 1,330 லிட்டர். பெட்ரோல் 100 ரூபாய்க்கு மேல் என்பதால் எரிபொருளுக்கு மட்டும் வருடம் ஒன்றரை லட்சம் ஒதுக்கிவிடுவது நல்லது.

என்ன பெட்ரோல் போடணும்? இ20 போட்டா கெட்டுப்போயிடுமா?

முதலில் பெட்ரோல் மூடிக்குள் இருக்கும் அட்டையைப் படியுங்கள். தேவையான ஆக்டேன் எண்ணும், எவ்வளவு எத்தனால் வரை சம்மதம் என்பதும் அங்கே இருக்கும். ஆக்டேன் குறைந்த பெட்ரோலில் எஞ்சின் கணினி இக்னிஷனைப் பின்தள்ளித் தன்னைக் காத்துக்கொள்ளும். சக்தி குறையும், உடனே எதுவும் உடையாது. ஆனால் 40 டிகிரி வெயிலில் முழு ஆட்களோடு மலை ஏறும்போது அந்தப் பாதுகாப்பின் எல்லையில் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். நெடும்பயணத்துக்கு முன்பாவது 95-க்கு மேற்பட்ட பிரீமியம் பெட்ரோல் போடுவது அர்த்தமுள்ள செலவு.

இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், வேறு விஷயம். எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான், அதனால் சுத்தப் பெட்ரோலோடு ஒப்பிட்டால் மைலேஜ் ஆறேழு சதவீதம் குறையும். 2023-க்கு முந்தைய வண்டிகள் இ20-க்கு என்று தயாரிக்கப்பட்டவை அல்ல. ஒரு டேங்கில் எதுவும் ஆகாது. வருடக்கணக்கில் பார்க்க வேண்டியது ரப்பர் குழாய், சீல், எரிபொருள் பம்ப். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் பாதி டேங்கோடு வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள். காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுத்தாலோ, பின்சீட்டுக்கு அடியில் பம்ப் இரைச்சல் கூடினாலோ உடனே காட்டுங்கள்.

சில்க் போர்டு டிராஃபிக்ல டிஎஸ்ஜி தாங்குமா? அது உடையும்னு எல்லாரும் சொல்றாங்களே?

கெட்ட பெயர் வாங்கியது ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி, அதாவது டிக்யூ200. சாதாரண ஆக்டேவியா 1.8-ல் இருப்பது அது. ஆர்எஸ் 230-ல் இருக்கும் டிக்யூ250-ல் கிளட்ச் எண்ணெயில் மூழ்கியிருக்கும். உராய்வின் வெப்பத்தை எண்ணெய் எடுத்துக்கொண்டு போகும். 245-ல் இருக்கும் ஏழு கியரும் எண்ணெய்க் கிளட்ச் வகைதான். "ஏழு கியர் என்றாலே மோசம்" என்று கேட்டதை வைத்து 245-ஐ ஒதுக்க வேண்டாம்.

தாங்கும் என்பதற்காக வதைக்கலாம் என்று அர்த்தமில்லை. நெரிசலில் முன்வண்டியோடு ஒட்டி அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் கிளட்ச் பாதி பிடித்த நிலையிலேயே தேயும். ஒரு கார் நீளம் இடைவெளி விட்டு, இடம் திறந்ததும் போய், முழுசாக பிரேக் மிதித்து நில்லுங்கள். பிரேக்கை முழுக்க மிதித்தால் கிளட்ச் விலகிவிடும், நியூட்ரலுக்கு மாற்ற வேண்டியதில்லை. மேம்பால ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

சர்வீஸ் புத்தகத்துல வருஷத்துக்கு ஒருமுறைன்னு இருக்கு. நான் வருஷத்துக்கு 8,000 தான் ஓட்டுறேன். போதும்தானே?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இந்தப் பதிலைப் படியுங்கள். வண்டியின் திரையில் நீண்டகாலச் சராசரி வேகத்தைப் பாருங்கள். நகர ஓட்டம் அதிகமுள்ள வண்டியில் அது 15-ஐ ஒட்டி நிற்கும். மணிக்கு 15 கிலோமீட்டரில் 8,000 கிலோமீட்டர் என்றால் எஞ்சின் 530 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. நெடுஞ்சாலையில் சராசரி 60-ல் அதே தூரம் 133 மணி நேரம்தான். ஓடோமீட்டர் இரண்டையும் ஒன்றாகவே காட்டுகிறது. ஆயிலும், கூலன்ட் பம்பும், கிளட்சும் பழையதாவது மணிக்கணக்கில்தான்.

ஆகவே நகர வண்டிக்கு ஆறு மாதம் அல்லது 7,500 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அப்போது எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும். கொள்ளளவு ஃபில்டரோடு 5.7 லிட்டர். வோக்ஸ்வேகன் 502 00 தரமுத்திரை உள்ள 5டபிள்யூ-40 செயற்கை ஆயில் நம் வெயிலுக்குப் பொருந்தும். டப்பாவில் "பொருந்தும்" என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, "அங்கீகாரம்" என்று இருக்க வேண்டும். கழற்றும் பிளக்கும் பிளாஸ்டிக் வகை என்றால் ஒவ்வொரு முறையும் புதிது போட வேண்டும். பழையதை இறுக்கினால் சொட்டும். பிரேக் திரவம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, தூரம் எவ்வளவானாலும். ஸ்பார்க் பிளக் புத்தகத்தில் 60,000. நகர ஓட்டத்துக்கு 40,000-த்தில் மாற்றுங்கள். ஏர் ஃபில்டரை ஒவ்வொரு சர்வீஸிலும் திறந்து பார்க்க வேண்டும், மெட்ரோ வேலை நடக்கும் சாலைப் பக்கம் வீடு இருந்தால் முக்கியமாக.

டிஎஸ்ஜி ஆயிலை லைஃப்டைம்னு சொல்லி ஒரு கடையில மாத்த மறுத்துட்டாங்க. நிஜமா?

டிக்யூ250-க்கு அது தவறு. 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றியே ஆக வேண்டும். மேலே சொன்ன மணிநேரக் கணக்கு பெங்களூர் வண்டியில் இதற்கும் பொருந்தும். 45,000–50,000-த்தில் செய்வது நல்லது. 245-ன் கியர்பாக்ஸுக்கும் 60,000-ஐ எல்லையாக வைத்துக்கொள்ளலாம்.

செய்யும் முறையைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம், ஏனென்றால் இங்கே தவறு அடிக்கடி நடக்கிறது. டிக்யூ250-ல் கழற்றும் துளைக்குள் ஒரு பிளாஸ்டிக் அளவுக்குழாய் இருக்கும். பிளக்கை மட்டும் கழற்றினால் கொஞ்சம் ஆயில்தான் வெளியே வரும். அந்தக் குழாயையும் கழற்றினால்தான் ஐந்து லிட்டருக்கு மேல் இறங்கும். மொத்தக் கொள்ளளவு ஏழு லிட்டர் சொச்சம், ஆகவே கிளட்ச்சுக்குள் கொஞ்சம் பழையது எப்போதும் தங்கும். குழாயைத் திரும்பப் போட்டு, புது ஆயிலை நிரப்பி, எஞ்சின் ஓடும்போது கியர்பாக்ஸ் ஆயில் 35–45 டிகிரி இருக்கையில், ஸ்கேனரில் வெப்பம் பார்த்து, மிகுதி சொட்டு சொட்டாக வழியும்போது பிளக்கை மூட வேண்டும். சூடு அதிகமான பின் அளவு பார்த்தால் ஆயில் விரிந்திருக்கும், கணக்குக் குறைவாகவே உள்ளே தங்கும். "எத்தனை லிட்டர் வெளியே வந்தது, எந்த வெப்பத்தில் அளவு பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

கூலன்ட் அப்பப்போ கொஞ்சம் குறையுது, தண்ணி ஊத்திக்கலாமா?

ஊற்ற வேண்டாம், முதலில் எங்கே போகிறது என்று பாருங்கள். இந்த எஞ்சினின் தெரிந்த பலவீனம் வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு. இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே, கியர்பாக்ஸ் பக்கமாக ஒளிந்திருக்கும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, கூடு கோணிக்கொள்ள, சீல் வழியாகக் கசியும். கசிவு கியர்பாக்ஸ் மேல் வழிந்து காய்ந்து இளஞ்சிவப்புப் பொருக்காக நிற்கும். தரைக்கு ஒரு சொட்டும் வராமல் போகலாம். பானெட்டைத் திறந்தால் இனிப்பு வாடை வந்தாலும் இதே சந்தேகம்தான்.

எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது தொட்டியில் அளவைக் குறித்துவையுங்கள். மூன்று மாதத்தில் மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு வந்தால் பிரஷர் டெஸ்ட் போடச் சொல்லுங்கள். மாற்றும்போது பம்ப், தெர்மோஸ்டாட் கூடு, அதை ஓட்டும் சின்ன பெல்ட் எல்லாம் ஒரே சமயத்தில். பாகத்தை விடக் கூலிதான் அதிகம் என்பதால் பாதி வேலை வீண். நிரப்புவது ஜி12 ஈவோ அல்லது ஜி13 தரம்; கடையில் கிடைக்கும் பச்சைக் கூலன்ட்டோடு கலக்கக் கூடாது.

70,000 தாண்டினா வேற என்னென்ன போகும்?

மேட்டில் ஏறி இறங்கும்போது "டொக்" என்று முன்னால் சத்தம் வந்தால் ஆன்டி-ரோல் பார் லிங்க், ஸ்ட்ரட் மேல் மவுண்ட், கீழ்க்கையின் பின்பக்க புஷ் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். மலிவானதிலிருந்து தொடங்கும் வரிசை அது. நியூட்ரலில் நிற்கும்போது கியர்பாக்ஸ் பக்கம் கடகடவென்று சத்தம், கியர் போட்டதும் மாறுகிறது என்றால் இரட்டை எடை ஃப்ளைவீல் தேய்ந்திருக்கலாம், இது செலவு. ஐட்லிங் தடுமாற்றமும், ஆயில் மூடி அருகே விசில் போன்ற சத்தமும் வந்தால் பிசிவி வால்வின் (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் வால்வின்) டயாஃப்ராம் கிழிந்திருக்கும், பெரிய வேலையில்லை. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் திக்கினால் பிளக், பிறகு காயில். காயிலை ஒரு சிலிண்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் போட்டுப் பிழைக்குறியும் கூடவே நகர்கிறதா என்று பார்த்தால் கெட்டது எது என்று செலவில்லாமல் தெரியும்.

245-க்கு 17 அங்குலம் போட்டா நல்லதா? ரெண்டு ரிம் வளைஞ்சுடுச்சு.

நல்லதுதான். 225/45 ஆர்17-ன் மொத்த விட்டம் 634 மி.மீ., 225/40 ஆர்18-ன் விட்டம் 637. ஸ்பீடோமீட்டர் கணக்கு மாறாது. ஆனால் எல்லா 17 அங்குல வீலும் பெரிய காலிப்பருக்கு இடம் தராது. வாங்கும் முன் மாட்டி, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். உயரம் வேண்டுமென்று 225/50 போடுபவர்கள் உண்டு. விட்டம் 657 ஆகிவிடும், வேகம் சுமார் மூன்று சதவீதம் குறைவாகக் காட்டும், முழுப் பாரத்தில் உள்வளைவில் உரசலாம். அது வேண்டாம்.

வீல் போல்ட் 120 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்சால். டயர் கடைக் காற்றுத் துப்பாக்கியால் கண்மூடித்தனமாக இறுக்கினால் மரை போகும், நடுச்சாலையில் பஞ்சரானால் உங்களால் கழற்றவும் முடியாது.

மழை வெள்ளத்துல மாட்டினா? பெல்லந்தூர் பக்கம் வீடு.

2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலை மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் நியாயம். சக்கரத்தின் நடுவரை தண்ணீர் என்றால் இறங்க வேண்டாம். உள்ளே நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளையும். பேட்டரியைக் கழற்றி, இழுத்துக்கொண்டு போக வேண்டும். சாதாரணக் காப்பீடு இந்த எஞ்சின் சேதத்தைப் பெரும்பாலும் ஏற்காது, எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு வேண்டும். தேய்மானம் கழிக்காத பிரிவும் வயது வரம்பு உள்ள வரை விடாதீர்கள், ஆர்எஸ் பம்பரும் ஹெட்லைட்டும் விலை அதிகம்.

செகண்ட் ஹேண்ட் பார்க்கப் போறேன். எதைப் பார்த்தா ஏமாற மாட்டேன்?

விற்பவரிடம் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லி, காலையில் போங்கள். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது இரண்டு விநாடிக்கு மேல் உலோகச் சத்தம் நீடித்தால் டைமிங் சங்கிலியையும் டென்ஷனரையும் சந்தேகியுங்கள். வாக்-காம் அல்லது ஓபிடி லெவன் ஸ்கேனரில் கேம் ஷாஃப்ட் கோண வேறுபாடு பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். விலக விலகச் சங்கிலி நீண்டிருக்க வாய்ப்பு. பிழைக்குறிகள் நேற்றுதான் அழிக்கப்பட்டனவா என்பதும் அதில் தெரியும். பிறகு அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டி, சூடான பின் ஏற்றத்தில் நிறுத்தி முன்னும் பின்னும் நகர்த்துங்கள். அதிர்வு இருந்தால் கிளட்ச் அல்லது மெக்கட்ரானிக் (கியர்பாக்ஸை இயக்கும் மின்னணுப் பகுதி).

லிஃப்டில் ஏற்றி அடித்தட்டைக் கழற்றிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சம்ப்பில் கீறல், கியர்பாக்ஸ் மேல் முன்பு சொன்ன இளஞ்சிவப்புப் பொருக்கு, இரண்டையும் தேடுங்கள். டயர் தேதியைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம். டிஎஸ்ஜி ஆயில் மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்து விலை பேசுங்கள். வாங்கும் விலையில் பத்தில் ஒரு பங்கை முதல் வருட வேலைக்குத் தனியாக எடுத்து வைக்க முடியாதவர்கள் இந்த வண்டியை வாங்காமல் இருப்பதே நல்லது.

கோயம்புத்தூர்ல வாங்கினேனுங்க, டிஎன் நம்பர். பெங்களூர்ல அப்படியே ஓட்டலாமுங்களா?

12 மாதம் வரை. அதற்கு மேல் இங்கேயே இருந்தால் கர்நாடகப் பதிவு வேண்டும். பரிவாகன் தளம் வழியாகத் தமிழ்நாட்டு ஆர்டிஓவிடம் படிவம் 28-ல் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். கடன் இருந்தால் வங்கியின் சம்மதம் முதலில். பிறகு நீங்கள் குடியிருக்கும் பகுதியின் ஆர்டிஓவில் படிவம் 27, வண்டியைக் காட்டுதல், ஆயுள் வரி. 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய பெட்ரோல் காருக்குக் கர்நாடக வரி 18 சதவீதம், மேலே செஸ். பழைய வண்டிக்கு வயதுக்கேற்பக் குறையும். குறைந்தாலும் லட்சங்களில்தான் வரும். அதை வண்டி விலையோடு சேர்த்தே பேரம் பேசுங்கள். இங்கே கட்டிய ரசீதை வைத்துத் தமிழ்நாட்டில் மீதி வருட வரியைத் திரும்பக் கேட்கலாம். மெதுவாக வரும், ஆனால் விண்ணப்பியுங்கள்.

ரீமேப் பண்ணினா 300 பிஎஸ் வருமாமே?

வரும், எஞ்சினுக்கு அந்தத் தெம்பு உண்டு. ஆனால் டிக்யூ250 வடிவமைக்கப்பட்டது 350 நியூட்டன் மீட்டர் அளவுக்கு. ரீமேப் அதை 400-க்கு மேல் கொண்டுபோகும், கிளட்ச் அழுத்தத்துக்கான கியர்பாக்ஸ் மென்பொருளும் மாற்ற வேண்டிவரும். முன்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியில் மழையில் அந்தச் சக்தி பாதி சுழன்றே போகும். காப்பீட்டாளரிடம் சொல்லாமல் செய்தால் விபத்தின்போது கோரிக்கை மறுக்கப்படலாம். மைசூர் விரைவுச்சாலையில் 100 தான் வரம்பு, 130-ஐத் தாண்டினால் கர்நாடகக் காவல்துறை வழக்கே பதிகிறது. குடும்ப வண்டிக்கு இருக்கிற 230 பிஎஸ் தாராளம். அந்தப் பணத்தில் நல்ல டயர் நான்கு போட்டால் பிரேக், வளைவு, மழை மூன்றிலும் பலன் தெரியும்.

கொல்லிமலை, ஏற்காடு போனா பிரேக் சூடாகி வாடை வருது. கோளாறா?

ஏறும்போது ஏதும் இல்லாமல் இறங்கும்போது மட்டும் வந்தால் ஓட்டும் முறைதான் காரணம். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஏற்காட்டில் 20, திம்பத்தில் 27. டி-யில் விட்டு இறங்கினால் டிஎஸ்ஜி மேல்கியருக்கு ஓடிக்கொண்டே இருக்கும், பாரம் முழுக்க பிரேக் மேல் விழும். கியரை மேனுவலுக்குத் தள்ளி இரண்டாவதில் பிடித்து, பிரேக்கை வளைவுக்கு முன் உறுதியாக ஒருமுறை மிதித்து விடுங்கள். காலை லேசாக வைத்தபடியே இறங்காதீர்கள்.

வாடை வந்தபின் நிறுத்தினால் பிரேக்கை மிதித்தபடியும், பார்க்கிங் பிரேக் போட்டும் நிற்க வேண்டாம். சமதளத்தில் "பி" போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, பதினைந்து நிமிடம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணும், பிறகு ஒவ்வொரு பிரேக்கிலும் ஸ்டீயரிங் நடுங்கும். பெடல் பஞ்சு போல உள்ளே போனால் திரவம் கொதித்திருக்கிறது. ஊர் திரும்பியதும் டாட் 4 திரவத்தை முழுசாக மாற்றி, பேட் தடிமனையும் அளந்துவிடுங்கள். பின்பக்கம் மின்சாரப் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டியில் பேட் மாற்ற ஸ்கேனரால் பிஸ்டனைப் பின்வாங்க வைக்க வேண்டும். சி-கிளாம்ப் போட்டு அழுத்தினால் மோட்டார் உடையும். மெக்கானிக் வேலையைத் தொடங்கும் முன்பே அவரிடம் ஸ்கேனர் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.